மேலே ஒரு புள்ளி

திருப்பாலைக்குடி நிறுத்தத்தில்
கண்டக்டர் பெட்டியை முகர்ந்துவிட்டுச் சொன்னார்,
மீனுக்குத் தனி டிக்கெட்.
தெர்மாகோல் மூடியைத் திறந்து காட்டினேன்.
ஐஸ் கம்பெனியில் கடன் வாங்கிய நொறுங்கல் ஐஸ்,
அதில் முப்பத்திரண்டு குப்பி,
குப்பிக்கு ஒரு மிளகாய் இலை.
என்னை ஒருமுறை பார்த்தார்.
லக்கேஜ் போடவில்லை.

தை பிறந்த நாலாம் நாள் வெள்ளை ஈ வந்தது.
உப்பளத்துக்கு மேற்கே
இருளாயியின் ஒன்றரை ஏக்கர் முண்டு மிளகாயில்
கொழுந்தெல்லாம் கிண்ணமாய்க் கவிழ்ந்தது.
"சுருட்டை விழுந்த செடி அடுப்புக்கும் ஆகாது"
என்று பிடுங்கத் தொடங்கினாள்.
பதினோரு பாத்தி.
பன்னிரண்டாவதில் கை நின்றது.
இடுப்பு வலி. வேறு காரணமில்லை.

மாசியில் நான் போனபோது
மிச்சப் பாத்திகளில்
கீழே சுருண்ட இலை, நடுவே பாதி சுருண்டது,
உச்சியில், யாரோ இஸ்திரி போட்டதுபோல்
மூன்று தட்டையான பச்சை.
ஒரே செடி.
மருந்தடிக்கக் காசில்லை என்பதை
இரண்டு தடவை சொன்னாள்,
நான் சந்தேகப்படுவதாக நினைத்து.

வைரஸ் ஒரு சிறு வளையம்.
செடிக்குள் புகுந்து
செடியின் எழுத்திலேயே தன் பெயரை
ஆயிரம் முறை எழுதிக்கொள்கிறது.
செடிக்கு ஓடக் காலில்லை,
ரத்தத்தில் ரோந்து சுற்றும் அணு இல்லை.
எழுதியதை அழிக்கவும் வழியில்லாமல்
எழுத்தின் தலையில் புள்ளி வைக்கிறது.

க என்றால் வாய் திறக்கும்.
க் என்றால் தொண்டையிலேயே அடைபடும்.
எழுத்து அதேதான்.
கார்பன் ஒன்று, ஹைட்ரஜன் மூன்று,
மெத்தில் என்கிற அந்தத் துணுக்கு
சைட்டோசின் மேல் உட்கார்ந்ததும்
வாசிக்க வந்தவன் உதடசையாமல் போகிறான்.

வைரஸும் லேசுப்பட்டதில்லை.
புள்ளி வைக்கிற மையையே கெடுக்க
ஒரு புரதத்தைக் கையோடு கொண்டு வருகிறது.
கீழ் இலையில் அது ஜெயித்தது,
உச்சியில் தோற்றது.
நடு இலையைப் பற்றி
நோட்டில் நான் எதுவும் எழுதவில்லை.

தன் சொந்த ஏட்டில்
சில புள்ளிகளைச் செடியே சுரண்டி எடுப்பதும் உண்டு.
வாயடைத்துக் கிடந்த ஜீன்கள்
அப்போது சத்தம் போடும்.
எதை அடக்க, எதை அவிழ்க்க என்று
அதற்கு யார் சொன்னது?
என் நெறியாளரிடம் இதற்கொரு சொல் இருக்கிறது.
சொல் இருக்கிறது.

பனை ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும்,
அதனால் வைக்காமலே விட்டார்கள்.
‘மண’ என்று கீறியிருந்தால்
அது மண்தானா என்பது படிப்பவர் பாடு.
ஆய்வுக்கூடத்திலும் புள்ளி கண்ணுக்குத் தெரியாது.
பைசல்பைட் ஊற்றி ஒரு ராத்திரி வைப்போம்.
புள்ளியில்லாத சைட்டோசின் எல்லாம் கரைந்து வேறாகும்,
புள்ளி வைத்தது நிற்கும்.
இப்படிக் காயப்படுத்தித்தான் படிக்கிறோம்.

போனில் கேட்டாள் இருளாயி,
"விதைக்கும் அது தெரியுமா?"
சில செடியில் ஒரு தலைமுறை தங்குமாம்,
சிலதில் அதுவும் இல்லை.
"தெரியாது" என்றேன்.
தேறிய செடிகளுக்குச் சிவப்பு நாடா கட்டச் சொன்னேன்.

பங்குனியில் ஆடு வந்தது.
நாடா கட்டியதில் ஏழு செடி, நாடாவோடு.

மீதியில் பறித்து உலர்த்திய விதை
ஒரு பவுடர் டப்பாவில் இருக்கிறது.
மூடி மேல் நகப்பாலிஷில் ஒரு பொட்டு.
எதற்கு என்றேன்.
மகளிடமும் இதே டப்பா இருக்கிறதாம்,
மாறிவிடக் கூடாதாம்.

புரட்டாசி கடைசியில் விதைக்க வரச் சொல்கிறாள்.
என் திட்டத்துக்குப் பணம்
ஆவணியோடு முடிகிறது.
மீன் வாடை போகாத பெட்டியைக்
கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்,
திருப்பிக் கொடுக்கவில்லை.